நகல்: சம்பந்தப்பட்டவருக்கு

என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரேவதி போன வாரம் போன் செய்தாள். ஆபீசில் கடிதங்களை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே எழுதித் தருகிறதாம். யாருக்கு, எதற்கு என்று ரெண்டு வரி தட்டினால் ஒரு பக்கம் வந்து விழுகிறதாம். அப்படி வந்த ஒரு சிபாரிசுக் கடிதத்தில் அவளுக்குச் சந்தேகம். 'ஷீ இஸ் அப்பாயின்டட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஷீ பி அப்பாயின்டட்' என்று இருக்கிறது, மிஷின் தப்புப் பண்ணிவிட்டதா, திருத்திவிடட்டுமா என்று கேட்டாள்.

'இட் இஸ் ரெகமண்டட் தட்' என்று ஆரம்பித்தால் பின்னால் 'பி'தான் வரும், அப்படியே விட்டுவிடு என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. அந்தக் கடிதம் யாருக்காகப் போகிறது, அதன் நகலை அவர் கையிலேயே கொடுக்கப் போகிறார்களா என்று கேட்டேன். "இன்னாக்கா, ரிடையராயும் டூட்டி பாத்துகினு கீற?" என்று சிரித்தபடி வைத்துவிட்டாள். அவளிடம் போனில் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.  

நான் கல்மண்டபத்துக்காரி. பெயர் கஸ்தூரி. தண்டையார்பேட்டையில் ஒரு இன்ஸ்டிட்யூட் மாடியில் டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு, ரெண்டிலும் ஹையர் கிரேடு பாஸ் செய்து, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். கப்பலில் வந்த பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கி, திறந்து, சரக்கை இறக்கி, லாரியில் ஏற்றி அனுப்பும் இடம். நாள் முழுக்கப் புழுதி. காலையில் கட்டிக்கொண்டு போன வெளிர் நிறப் புடவை சாயங்காலம் என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் மாதமே வெளிர் நிறத்தை எல்லாம் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன்.

என் மேலதிகாரி சபாபதி சார். பர்சனல் மேனேஜர். ஆள் எடுப்பது, லீவு, பதவி உயர்வு, தண்டனை எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் பாரிமுனையில் இருந்த தலைமை ஆபீசுக்குப் போகும். சிபாரிசு இங்கே, முடிவு அங்கே. இந்த ஏற்பாட்டை நான் கடைசிவரை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

அவரைப் போல ஒரு மரியாதைக்காரரை நான் பார்த்ததில்லை. லோடு இறக்குகிறவர் வேர்வைச் சட்டையோடு உள்ளே வந்தால் எழுந்து நின்று வரவேற்பார். உட்கார வைப்பார். டீ வரவழைப்பார். குரலை உயர்த்தி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. 'இல்லை', 'முடியாது' என்ற ரெண்டு வார்த்தைகளும் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அதே போல நேராக ஒரு வேலையையும் சொல்ல மாட்டார். "ஜன்னல் மூடப்பட்டால் நன்றாக இருக்கும்" என்பார். யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்றே தெரியாது. நான் எழுந்து மூடுவேன். "டீ சூடாகக் கொண்டுவரப்படட்டும்" என்பார். கேன்டீனில் நாங்கள் "சாம்பார் ஊற்றப்படட்டும், அப்பளம் போடப்படட்டும்" என்று கலாய்ப்போம். ஆனால் கலாய்ப்பதோடு சரி. யார்டில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள்.

அவருடைய தமிழ் அப்படி ஆனதற்குக் காரணம் அவருடைய இங்கிலீஷ். சேர்ந்த புதிதில் ஒரு சிபாரிசுக் கடிதத்தில் 'ஷுட் பி' என்று அடித்துக்கொண்டு போனேன். பென்சிலால் அந்த 'ஷுட்'டை மட்டும் மெல்லச் சுழித்தார். அது குமாஸ்தா இங்கிலீஷ் என்றார். அதிகாரி எழுதினால் 'ஷுட்' இருக்காது, வெறும் 'பி'தான் இருக்கும். அதற்கு சப்ஜங்டிவ் என்று பெயர். அது கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை, நடந்த விஷயமும் இல்லை. நடக்கட்டும் என்று ஒரு பெரிய மனுஷன் நினைக்கிறான், அந்த நினைப்பைத் தாளில் வைக்கிறான், அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

அன்று சாயங்காலம் கேட்டில் யூனியன்காரர்கள் கூட்டம். வாழ்க, ஒழிக என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பளிச்சென்று புரிந்தது. யார் வாழ வைப்பது, யார் ஒழிப்பது என்று அதில் யாரும் சொல்வதில்லை. வாழட்டும், ஒழியட்டும், அவ்வளவுதான். சார் சொன்ன 'பி'யும் அதே ரகம். மறுநாள் இதை அவரிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

அதற்கப்புறம் நான் அந்த இங்கிலீஷில் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். பெருமையாகவே சொல்கிறேன். யாருக்கு, என்ன விஷயம் என்று அவர் சொன்னால் போதும், மீதியை நானே கட்டிவிடுவேன். 'இட் இஸ் ஸ்ட்ராங்லி ரெகமண்டட் தட் ஹிஸ் ரெக்வெஸ்ட் பி கன்சிடர்ட் வித் சிம்பதி' என்று அடித்து ரோலரிலிருந்து தாளை உருவும்போது ஒரு சுகம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தச் சுகம் குறையவில்லை. வீட்டில் மீன் குழம்பு வைத்துக்கொண்டே வாய்க்குள் ஒரு வாக்கியத்தை உருட்டிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுக்காரர் எனக்கு லேசாகக் கழன்றுவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இந்தக் கடிதங்கள் போகும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அசல் தலைமை ஆபீசுக்கு. ஒரு பிரதி ஃபைலுக்கு. சில கடிதங்களுக்கு மட்டும் அடியில் 'நகல்: சம்பந்தப்பட்டவருக்கு' என்று ஒரு வரி போடச் சொல்வார். அந்த நகலை அவரே ஆளைக் கூப்பிட்டு, எழுந்து நின்று, ரெண்டு கையாலும் கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் இங்கிலீஷில் ஒருமுறை படிப்பார், அப்புறம் தமிழில் அர்த்தம் சொல்வார். வாங்கிக்கொள்கிறவர் கண் கலங்காமல் வெளியே வந்ததே கிடையாது. எதற்கு நகல் உண்டு, எதற்குக் கிடையாது என்று நான் கேட்டதில்லை. இன்னும் சில விஷயங்களுக்குக் கடிதமே இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டு போனில் ரெண்டு வார்த்தை பேசுவார், சில நாளில் அங்கிருந்து ஆர்டர் வந்துவிடும். அது ஏதோ சில்லறை விஷயம், கடிதம் எழுதும் அளவுக்கு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கே ஒருமுறை அப்படி ஒரு கடிதம் போனது. ஸ்டெனோவிலிருந்து ஆபீசர் கிரேடுக்கு என்னை உயர்த்தச் சொல்லி. என் பேரை நானே அடித்தேன். 'மிசஸ் கஸ்தூரி பி ப்ரமோட்டட்' என்று அடிக்கும்போது எழுத்து மங்கிவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தேன். எனக்கும் எழுந்து நின்று நகல் கொடுத்தார். தலைமை ஆபீசிலிருந்து வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அன்றைக்கு என்னைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். பாரிமுனையில் இருக்கிறவர்களுக்கு மனசே கிடையாது என்று நான் பல நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஏழுமலை விஷயத்துக்கு வருகிறேன். ஏழுமலை யார்டில் நிரந்தரத் தொழிலாளி. பெட்டிகளின் கதவைத் திறந்து சரக்கை இறக்கும் கேங்கில் இருந்தான். எந்த ஊரிலோ சரியாகக் கட்டாமல் ஏற்றி அனுப்பிய மரக்கட்டைகள் ஒரு பெட்டிக்குள் கதவின் மேலேயே சாய்ந்து கிடந்திருக்கின்றன. அவன் தாழ்ப்பாளை விடுவித்ததும் அத்தனையும் சரிந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும்கூட உயிர் தங்கவில்லை. மூலக்கொத்தளத்தில் அடக்கம். சபாபதி சார் வெயிலில் கடைசிவரை நின்றார், ஒரு கை மண் போட்டார், ஏழுமலையின் மனைவி அமுலுவிடம் "எல்லாம் செய்யப்படும்" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை அன்றைக்கு இன்னும் ஒரு படி ஏறியது.

நிரந்தரத் தொழிலாளி வேலையில் இறந்தால் மனைவிக்கோ பிள்ளைக்கோ வாரிசு வேலை கொடுப்பது எங்கள் கம்பெனியின் வழக்கம். சட்டம் என்று இல்லை, வழக்கம். அமுலு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இருந்தாள். ஒரே பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. புருஷன் போன பிறகு விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் இறால் உரிக்க ஆரம்பித்தாள். ஐஸில் ஊறி, முள் குத்தி, விரல் எல்லாம் வீங்கிப் போய்த் துணி சுற்றியிருக்கும். வாரிசு வேலை கிடைத்தால் யார்டு கேன்டீனிலோ ஸ்டோரிலோ உட்கார வைப்பார்கள். அவளுக்கு அது கிடைக்குமா கிடைக்காதா என்பதில்தான் அந்தக் குடும்பத்தின் மூச்சே நின்றுகொண்டிருந்தது.

அமுலுவுக்காக நான் கட்டிய கடிதம் என் ஆயுசிலேயே சிறந்த கடிதம். சார் ஒரு கமாகூட மாற்றவில்லை. அவளைக் கூப்பிட்டு எழுந்து நின்று நகலைக் கொடுத்தார். இங்கிலீஷில் படித்தார், தமிழில் சொன்னார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய், வியாசர்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் பண்ணி, புருஷன் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். பதில் வரவில்லை. மாதங்கள் போயின. இறால் வராத நாளில் எல்லாம் யார்டுக்கு வந்து என் மேஜை ஓரத்தில் நின்று, "இன்னாக்கா, எதுனா வந்துச்சா?" என்பாள். சார் அவளுக்கு டீ வாங்கித் தருவார். இன்னொரு கடிதம் எழுதலாம் என்று அவரே சொல்லி, 'ஸ்ட்ராங்லி' சேர்த்து ரெண்டாவதும் போனது. அதற்கும் நகல் கொடுத்தார். அதையும் லேமினேட் பண்ணினாள்.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகு எல்லாம் கரையில். காசிமேட்டில் இறாலும் இல்லை, வேலையும் இல்லை. அந்த நேரம் பார்த்து, வாரிசு வேலைகளை முடிவு செய்யும் கமிட்டி கூடப் போகிறது, இந்தத் தடவை தள்ளிப்போனால் ஃபைலை மூடிவிடுவார்கள் என்று தகவல் வந்தது. ஃபைல் கட்டு ஒன்றை ஒப்படைக்க நான் பாரிமுனைக்குப் போக வேண்டியிருந்தது. போகிற போக்கில் அமுலு விஷயம் எங்கே நிற்கிறது என்று கேட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

தலைமை ஆபீசில் என் சிநேகிதி ஷமீம் இருந்தாள். வண்ணாரப்பேட்டைக்காரி, என்னோடு ஒரே இன்ஸ்டிட்யூட்டில் டைப்பிங் படித்தவள். எங்கள் யார்டிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் அவள் கைக்குத்தான் போகும். ரெண்டு பேரும் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து டீ குடித்தோம். அமுலு ஃபைல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வருந்துகிறோம் என்ற பதிலை ஏற்கெனவே தயார் பண்ணி வைத்தாயிற்று, கமிட்டி முடிந்ததும் தேதி போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி என்றாள், ஏதோ சாதாரண விஷயம் போல.

கமிட்டியே இன்னும் கூடவில்லையே என்றேன்.

"அதான் உங்க சாரே வாணாம்னு எழுதிட்டாரே" என்றாள்.

நான்தானே அடித்தேன், 'ஸ்ட்ராங்லி ரெகமண்டட்' என்று இருக்கிறதே, ஒழுங்காகப் பார்த்தாயா என்று கேட்டேன். ஷமீம் முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"உனுக்கு நெசமாவே தெரியாதா கஸ்தூரி? அழகா எழுதி வந்தா வாணாம்னு அர்த்தம். ஆளு கையில நகல் குடுத்துட்டா கண்டிப்பா வாணாம். வேணும்னா லெட்டரே வராது, போன்தான் வரும். எல்லா யார்டு மேனேஜருங்களும் அப்டித்தான், ரொம்ப வருஷமா. அவுங்களுக்கும் கெட்ட பேரு வராது பாரு."

எனக்குக் காது அடைத்துப் போனது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அவள் வாய் அசைவது தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை.  கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேசிய போன்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவருடைய மச்சான் பையன் ஸ்டோரில் சேர்ந்தது ஒரு போனில். ஒரு வரிகூட நான் அடிக்கவில்லை. மகளை அப்ரண்டிஸாக எடுக்கச் சொல்லி மன்றாடிய ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்கு ஒரு முழுப் பக்கம் அடித்தேன். முதுகு ஒடிந்த லோடுக்காரருக்கு எளிய வேலை கேட்டு ஒன்றரைப் பக்கம். இருவருக்கும் நகல் உண்டு. இருவருக்கும் வருந்துகிறோம் வந்தது. கண்ணீரோடு வாங்கிக்கொண்டு போன அத்தனை பேரும் தங்களுக்கு எதிரான தீர்ப்பை ரெண்டு கையாலும் வாங்கி, கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கடைசியில்தான் எனக்கு உறைத்தது. என் ப்ரமோஷன் கடிதமும் உன் கைக்குத்தானே வந்தது என்று கேட்டேன்.

ஷமீம் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டே, "உன் லெட்டரு ரொம்ப அழகா இருந்துச்சு" என்றாள்.

எந்த பஸ்ஸில் ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று நினைவில்லை. கல்மண்டபத்தில் இறங்க வேண்டியவள் திருவொற்றியூர் தாண்டிப் போய்விட்டு, திரும்ப வேறு பஸ் பிடித்து வந்தேன். எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால் வேறு யாராக இருந்தாலும் எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள் என்பார், அதனால் சொல்லவில்லை. ஷமீம் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாள், மூலக்கொத்தளத்தில் வெயிலில் நின்ற மனுஷன் இப்படிச் செய்ய மாட்டார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அவரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணியதும்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

மறுநாள் காலையில் அவர் வந்து உட்கார்ந்ததும் உள்ளே போனேன். அமுலு விஷயமாகத் தலைமை ஆபீசில் இருக்கிற ஜி.எம்.முக்கு நீங்கள் போனில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள் சார் என்றேன்.  அவருக்குக் கோபம் வரவில்லை. எழுத்தில் இருப்பதுதான் முறை, வாய் வார்த்தைக்கு மதிப்பு ஏது என்றார். நிரந்தரமாக ஆள் எடுப்பதைக் கம்பெனி குறைத்துக்கொண்டு வருகிறது, இந்த நிலைமையில் ஒரு நம்பிக்கையோடு அந்தப் பெண் இருப்பது நல்லதுதானே என்றும் சொன்னார். வேலை கிடைக்காது என்று தெரிந்துதான் நம்பிக்கையை மட்டும் கொடுத்திருக்கிறார். ஷமீம் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை.

நான் வெளியே வந்த நேரத்தில்தான் அமுலு வந்தாள். அடுத்த நாள் கமிட்டி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு லேமினேட் தாளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் அவளை வெளியே நிற்க வைக்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். சார் வழக்கம் போல எழுந்து நின்றார். அவர் "டீ" என்று ஆரம்பிப்பதற்குள் நான் மேஜை போனில் ஜி.எம். நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் சொல்லாமல் அந்தப் போனைத் தொட்டது அன்றைக்குத்தான். அந்தப் பக்கம் ஜி.எம். "யெஸ் சபாபதி" என்றார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு டிக்டேஷன் கொடுக்கும் அதே குரலில் பேசினார்.

"ஐ ஸ்ட்ராங்லி ரெகமண்ட் தட் ஷீ பி அப்பாயின்டட்."

"சேம் அஸ் யுவர் லெட்டர்?" என்று கேட்டார் ஜி.எம்.

"எக்ஸாக்ட்லி த சேம்."

"அண்டர்ஸ்டுட்" என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

 அவளை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு, அவள் முகத்துக்கு நேராக, அவளுக்குப் புரியாத பாஷையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடிதத்தில்தான் அப்படி, நேரில் மனசு வராது என்று நினைத்த நான் எவ்வளவு பெரிய பைத்தியக்காரி. அமுலுவுக்குத் தன் விஷயமாகத்தான் பெரிய இடத்தில் பேசினார் என்பது மட்டும் தெரிந்தது. துணி சுற்றிய கையை எடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர். "நல்லாருப்ப சார்" என்றாள். "என்னால் ஆனது செய்யப்பட்டிருக்கிறது அம்மா" என்றார் அவர்.

"அமுலு, கைய எறக்கு" என்றேன். "இந்தாளு உனுக்கு வேல வாணாம்னு சொல்ட்டாரு."

என் வாயிலிருந்துதான் வந்தது என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. இந்தாளு என்று சொல்லியிருக்கிறேன். சபாபதி சார் வெளுத்துப் போய், என்ன பேசப்படுகிறது இங்கே என்று கேட்டார். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அழகாக எழுதினால் என்ன அர்த்தம், நகல் கொடுத்தால் என்ன அர்த்தம், போனில் இப்போது என்ன பேசினார் என்று அவளுக்குப் புரிகிற பேச்சில் அங்கேயே நின்று சொன்னேன். அவள் கையை இறக்கவே இல்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருக்க, அவர் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு சார். வேல கீதா, இல்லியா?"

கமிட்டியின் பரிசீலனையில் இருக்கிறது என்று அவர் ஆரம்பித்தார்.

"அத்த கேக்கல சார். கீதா, இல்லியா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவள் நகரவில்லை. கடைசியில், பக்கத்தில் நிற்கிற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "இல்லை" என்றார்.

அமுலு கையை இறக்கினாள். அழுவாள், கத்துவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ரெண்டும் இல்லை. "இத்த மொதல்லயே சொல்லிக்கலாம்ல சார்" என்றாள். "எங்க ஏரியா ஸ்கூல்ல ஆயா வேலைக்குக் கூப்ட்டாங்க. ரெண்டு தபா கூப்ட்டாங்க. சாரு எழுதிக் குடுத்துகீறாரு, கம்பெனி வேல வந்துகினு கீதுன்னு சொல்லி நான்தான் வாணான்னுட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

 ஒரு பொய் நம்பிக்கை வெறும் காகிதமாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை, கைக்கு வந்த ஒரு வேலையையே பிடுங்கிப் போட்டிருக்கிறது. அதிர்ச்சியோடு அதிர்ச்சியாக அடுத்தது நடந்தது. சபாபதி சார் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: இந்தப் பெண்ணுக்கு நம் வருத்தத்தைத் தெரிவித்து ஒரு கடிதம் தயாரிக்கப்படட்டும், நகல் சம்பந்தப்பட்டவருக்கு.

"நீங்களே அடிச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்காகத்தான் என்னைத் தண்டையார்பேட்டை குடோனுக்குத் தூக்கிப் போட்டார்கள். ரிடையர் ஆகும்வரை அங்கே மூட்டை வந்தது, மூட்டை போனது என்று எழுதிக்கொண்டிருந்தேன். இதை எல்லாம் வேறு யாரோ வேறு மாதிரி சொல்லி ரேவதி கேட்டிருப்பாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

கேட்டுக்கு வெளியே அமுலு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், இப்பவே அந்த ஸ்கூலுக்குப் போய்க் கேட்டால் என்ன அக்கா, அட்மிஷன் நேரம், பெரிய டீச்சர் இருப்பாங்க என்றாள். நானும் கூடப் போனேன்.  எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன, பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு விரல் துணியைப் பிரித்துப் பிரித்துத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வேலையாவது இருக்க வேண்டும் என்று நான் கல்மண்டபத்து மாதாவிலிருந்து வடிவுடையம்மன் வரைக்கும் ஒருவரையும் விடாமல் வேண்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் அட்மிஷனுக்கு வந்த அம்மாக்கள் வராந்தா முழுக்க. தலைமை ஆசிரியை நின்றபடியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. டீ இல்லை. அமுலு விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா. போன வாரம் ஆள் எடுத்தாச்சு. வேற ஸ்கூல்ல கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தோம்.   அமுலு நின்று, பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியாக்கா, இல்லன்னு சொல்ல எவ்ளோ நேரமாச்சு அவுங்களுக்கு? இவ்ளோதானே."